ராணி கட்டிலில் விழுந்த குழி

பகல் ஒரு மணி. ஆமாம், பகல்தான். பேய்க்கு ராத்திரிதான் டியூட்டி என்று யார் உங்களுக்குச் சொன்னது? குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை. அதற்கு ஏறிப்போகும் பாதையில் அந்த நேரம் ஈ காக்கை இருக்காது. வெயில்... காற்றுகூடக் கிடையாது. நம் தையற்கடைக்காரரின் மைத்துனி அந்தக் கோட்டையில்தான் துப்புரவு வேலை பார்த்தாள். நடந்தது அவளுடைய இரண்டு பெண்களுக்கு. பொய் என்று நினைத்தால் நாளைக்கு அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூத்தவளுக்குப் பதினைந்து, இளையவளுக்குப் பன்னிரண்டு. தெருவில் 'சிஐடி அக்கா தங்கச்சி' என்றால்தான் தெரியும். சைக்கிள் பம்ப் காணாமல் போனாலும் சரி, பால் பாக்கெட் காணாமல் போனாலும் சரி, ஆளைப் பிடிக்காமல் விடமாட்டார்கள்.

கோட்டையில் ராணி அறை என்று ஒன்று. பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு, தொடக்கூடாது என்று ஒரு பலகை. ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், அறையைப் பூட்டிவிடுவார்கள். சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒன்று மேனேஜரிடம், ஒன்று இந்தப் பெண்களின் அம்மாவிடம். நான்கு நாட்களாக, இரண்டு மணிக்குத் திறந்தால்... விரிப்பில் ஆள் படுத்து எழுந்த மாதிரி ஒரு குழி.

மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? சுற்றிப் பார்க்க வந்த நாற்பது பேர் நிற்கும்போதே கத்தினார். "வேலை செய்யச் சொன்னா ராணி கட்டில்ல தூங்குறியா? இன்னொரு நாள் குழி இருந்துச்சு, நீ அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்!"

பதினொரு வருஷம் அந்தத் தரையைத் தேய்த்தவள். நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. அன்று அம்மா வீட்டுக்கு வந்து, கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மூத்தவள் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைக்கு ஏறியது கோபம்.

மறுநாள் திட்டம் தயார். தரையில் முகப்பவுடரைத் தூவிவிட்டு வெளியே வந்துவிடுவது. அம்மா பூட்டிவிட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி டிக்கெட் கவுண்டரில் போய் உட்காருவது. எவன் நுழைந்தாலும் கால்தடம் சிக்கும். மூத்தவள் இருந்த ஆத்திரத்தில் கதவருகே ஆரம்பித்து, கட்டிலைச் சுற்றித் தூவிக்கொண்டே பின்வாங்கி, ஜன்னல் மூலையில் போய் முட்டிக்கொண்டாள். பக்கத்திலேயே டப்பாவைத் தூக்கிக்கொண்டு இளையவள்.

"அக்கா... இப்ப எப்படி வெளிய போறது?"

மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கதவு வரைக்கும் வெள்ளை வெளேர்.

"அம்மா தரை துடைக்கறத ஒரு நாளாவது பாத்திருக்கியா? உள்ள ஆரம்பிச்சு வாசலுக்கு வருவாங்க. நீயெல்லாம் ஒரு டிடெக்டிவ்!"

"வாய மூடிட்டு உக்காரு."

வாசலில் நின்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டு கதவைப் பூட்டினாள். காலடிச் சத்தம் தேய்ந்து போனது.

ஒன்று பத்து. வெளியே அத்தனை வெயில்... உள்ளே திடீரென்று ஈரக் கம்பளி வாசனை. இளையவள் அக்காவின் கையைப் பிடித்தாள். கட்டில் 'க்ரீச்' என்றது. விரிப்பின் ஓரம் மெல்ல அமுங்கியது, யாரோ உட்காருகிற மாதிரி. பிறகு நடுவில். பிறகு தலையணையில்... தரையில் பவுடர் கலையவே இல்லை. நீளமாக ஒரு பெருமூச்சு, நாள் முழுக்க உழைத்துவிட்டுச் சாய்கிறவர்கள் விடுவார்களே, அது.

இளையவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூத்தவளுக்கும் பயம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தட்டைக் கழுவிக்கொண்டே நின்ற அம்மாவின் முதுகு ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து நின்று கத்தினாள்.

"நீ சொகுசா தூங்குவ, திட்டு எங்கம்மா வாங்கணுமா? எந்திரி! கீழ மேனேஜர் ரூமுக்குப் போ. நான்தான்னு சொல்லு. அந்த ஆள் ஒத்துக்கற வரைக்கும் விடாதே!"

பெருமூச்சு பாதியில் நின்றது. குழி மெதுவாக மேலே எழும்பி... விரிப்பு தட்டையானது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழே, மேனேஜர் அறையில், ஒரு நாற்காலி விழுந்தது.

இரண்டு மணிக்கு அம்மா வந்து திறந்தபோது கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லை. அதைப் பார்க்க மேனேஜரும் இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் குன்றிறங்கி ஓடினாராம். டிக்கெட் கொடுப்பவர் சொன்னார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். மூத்தவள் திறந்தாள். மேனேஜர். சட்டையின் இடது தோளில், விரல் பதித்துப் பிடித்த மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் ஐந்து இடம் அமுங்கியிருந்தது.

"பாப்பா... நீதான் அனுப்பினேன்னு சொல்லுது. உங்கம்மா மேல தப்பில்ல, ஒத்துக்கறேன். இதைப் போகச் சொல்லும்மா."

"யார்கிட்ட ஒத்துக்கறீங்க?"

"உன்கிட்டதான்..."

"எங்கம்மாவத் திட்டினது நாப்பது பேர் முன்னாடி. நாளைக்கு அதே எடத்துல, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூத்தவளுக்குத் துளி இரக்கம் வரவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு கதவில் காதை வைத்துக் கேட்டாள். அவர் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு சத்தம்... டப், டப். கடைசிப் படியில் நின்றார். அந்த மனுஷனின் வாயிலிருந்து அவள் கேட்டேயிராத குரல், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையைக் கூப்பிடுகிற குரல்.

"சரி... வா. இன்னிக்கு நம்ம வீட்லயே படுத்துக்கோ."