இருநூற்று நாற்பது புள்ளி

தம்பி வினோதன்,

1986-இல் ஜெலுத்தோங் விளையாட்டுக் கூடத்தில் ஒரே ஒரு இருபது காசைப் போட்டுப் பதினோரு மணி நேரம் விண்கப்பல் ஆட்டம் ஆடியவன் நான். ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது புள்ளி. வேடிக்கை பார்த்த கூட்டத்தால் பெரிய சாலையில் பஸ் திரும்ப இடமில்லை. கடைசியில் இயந்திரமே சூடு தாங்காமல் என் சட்டையைப் பிடித்துக் கெஞ்சியது. பஸ்ஸை வேண்டுமானால் கழித்துக்கொள், இயந்திரம் கெஞ்சியதையும் கழித்துக்கொள். புள்ளியில் ஒன்றைக்கூடக் கழிக்க விடமாட்டேன்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். முகத்துக்கு நேரே பொய் என்று சொன்னவர் உன் அப்பா ஒருவர்தான். முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணினியில் உன் அம்மாவின் ஆட்டம் ஏன் திறக்கவில்லை, யார் கை வைத்தது என்று கேட்டு எழுதியிருந்தாய். பங்குச் சாமியாரிடமே சொல்லியிருப்பேன். ஆனால் எமுலேட்டர் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கவே மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நீ பாலம் கட்டுகிறவன், சீக்கிரம் புரிந்துகொள்வாய்.

அந்தக் காலத்து இயந்திரத்தின் வயிற்றிலிருந்த மின்சில்லுகளின் நகல்தான் ஆட்டக் கோப்பு. உங்கள் வீட்டுக் கணினியை அந்த இயந்திரம்போல நடிக்க வைப்பது எமுலேட்டர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். எமுலேட்டர் ஒரு வெர்ஷன், கோப்பு வேறொரு வெர்ஷன். ஒரு வீட்டு இடியாப்ப உரலில் அடுத்த வீட்டு அச்சைப் போட்டுப் பிழிந்த கதை. மாவு பக்கவாட்டில் வழியும், இழை இறங்காது.

மூன்று வருடத்துக்கு முன், டயாலிசிஸ் இல்லாத நாள்களில் பொழுது போகவில்லை என்று உன் அம்மா செல்வநாயகி சொன்னபோது, நான்தான் இரண்டையும் பொருத்திக் கொடுத்தேன். நான்கு நாள் பிடித்தது. விளையாட்டு இயந்திரங்களைப் பழுது பார்த்தே பென்ஷன் வாங்கியவனுக்கு நான்கு நாள். நீ யோசித்துப் பார்.

உன் அம்மா ஆறே மாதத்தில் ஒன்பது லட்சத்தைத் தொட்டார். பள்ளிக்கூட டீச்சர் விரல், சாக்பீஸ் பிடித்த விரல். நான் பாராட்டினேன். ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து ஐந்நூறு புள்ளியில் ஆட்டத்தை நிறுத்தி, அப்படியே சேமித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். என் கணக்குக்கு இருநூற்று நாற்பது குறைவு. கப்பலுக்கு மூன்று உயிர் மிச்சம். அவர் திரும்பி வரவில்லை.

அதன்பிறகு உன் அப்பா தினமும் மாலை ஐந்து மணிக்கு, தேநீர் குடித்துவிட்டு, அந்தச் சேமிப்பைத் திறப்பார். நின்றுபோன கப்பலைப் பத்து நிமிடம் பார்ப்பார். ஒரு பொத்தானையும் தொடமாட்டார். பிறகு மூடிவிடுவார். ஒரு மனிதனுக்கு இது நல்லதா? அவருடைய நன்மையை நினைக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.

போன மாதம் அவரே பேச்சை எடுத்தார்.

“திவசத்துக்கு வினோதன் வாறான். தாய் விட்ட இடத்திலயிருந்து அவனை ஆட விடப்போறன்.”

“அவன் தோத்துட்டா?”

“மூண்டு உயிர் இருக்குதடா. இருநூற்று நாப்பது புள்ளி ஒரு விசயமே? உன்ர கப்சாவையும் தாண்டட்டும்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு நன்றாகச் சிரிக்க வரும்.

திவசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அவர் சாமான் வாங்க பசாருக்குப் போனார். வீட்டுச் சாவி எப்போதும் என்னிடம் ஒன்று உண்டு. புது எமுலேட்டரை ஏற்றினேன். அதற்குப் பொருத்தமான கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி வைத்தேன். ஒன்றுகூடக் குறையாமல் எல்லாம் பொருந்தின. என் தொழிலில் இவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை. ஆனால் பழைய வெர்ஷனில் சேமித்த ஆட்டத்தைப் புது வெர்ஷன் ஏற்றுக்கொள்ளாது. அது என் குற்றமல்ல, அதன் சுபாவம். இதுவரை நான் செய்தது பராமரிப்பு.

யாராவது விஷயம் தெரிந்தவன் பழைய வெர்ஷனைத் திரும்பப் பொருத்தினால் உன் அம்மாவின் ஆட்டம் மறுபடி திறந்துகொள்ளும். அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே ஒரு புது ஆட்டத்தைத் திறந்து, காசு போடச் சொல்லும் முதல் திரையிலேயே நிறுத்தி, அம்மா சேமித்திருந்த அதே இடத்தில் அதன்மேலேயே சேமித்தேன். ஒரே ஒரு விசை. பென் டிரைவில் ஒரு நகல் உண்டு. சாமி அறையில், அம்மா படத்துக்கு முன்னால், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் உன் அப்பா வைத்திருந்தார். அதிலும் அப்படியே செய்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன். விளக்கில் எண்ணெய் குறைந்திருந்தது. ஊற்றிவிட்டு வந்தேன்.

நீ வந்து பழைய வெர்ஷனைப் போட்டுப் பார்த்தும் பலிக்காதது இதனால்தான். வேறு மர்மம் ஒன்றுமில்லை.

அன்று ஐந்து மணிக்கு நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவர் திறந்தார். காசு போடும்படி எழுத்து மின்னி மின்னி மறைந்தது. வெகுநேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சூசை, இவள் எங்கே?”

“வெர்ஷன் மாறிடுச்சு லா, துரை. கம்ப்யூட்டர் சமாச்சாரம்.”

தலையாட்டினார். அதன்பிறகு ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் தினமும் கஞ்சி கொண்டுபோகிறேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்குவதில்லை. சட்டை தோளில் நிற்பதில்லை. ஐந்து மணி ஆனதும் அணைந்த திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார். பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

நேற்றுக் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே பேசினார். குரல் மெலிந்திருந்தது. நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“நீ ஆடினது உண்மையடா சூசை. நானும் அவளும் உனக்குப் பின்னால நிண்டு பார்த்தனாங்கள். ஓம் எண்டு சொன்னால் நீ வாய் மூடமாட்டாய், அதுதான் சொல்லேல்ல. அவள் அந்த இடத்தில நிப்பாட்டினதும் வேணுமெண்டுதான். ‘சூசை அண்ணைக்கு உலகத்தில அது ஒண்டுதானே இருக்கு, அது இருக்கட்டும்’ எண்டவள். வினோதனிட்டயும் அதைத் தாண்டாதே எண்டு சொல்லத்தான் இருந்தனான்.”

தம்பி, நீ இதை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள். தேதி போட்டு எழுது. நடந்தது என்று அவரே சொல்லிவிட்டார்.