கொட்டாம்பட்டியில் வெட்டிய கிடா

மேலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் லேப்டாப்பை விரித்து வைத்திருந்தார்கள். சின்னவர் திடீரென்று சொன்னார்:

"அண்ணே, நம்ம ஹீரோவ வெட்டி விருந்து வச்சுட்டாய்ங்க."

டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாருடா?" என்றார் பெரியவர்.

"கொட்டாம்பட்டி டீம். நம்ம கார்ட்டூன் கதைய ஒவ்வொரு ஊர் டீமும் ஒரு எபிசோடா வரையணும்ல? ஹீரோ ஆட்டுக்கிடான்னதும், அவய்ங்க எபிசோடுல கோயில் திருவிழா வச்சுட்டாய்ங்க."

"நாளைக்கு ஆன்லைன்ல ரிலீஸுடா! மிச்ச எபிசோடுக்கெல்லாம் ஹீரோவுக்கு எங்க போறது? குரூப்புல சொன்னியா?"

"சொன்னேண்ணே. ஒரே சண்டை."

"பின்ன? ஹீரோவக் கொன்னா சும்மா இருப்பாய்ங்களா?"

"அதுக்கில்லண்ணே. பந்தியில எங்கள ஏன் வரையலன்னு மத்த டீமெல்லாம் கோவிச்சுக்கிட்டாய்ங்க."