யசோதராவோட பச்சை டோனட்டு

...வேணாம்னு மட்டும் சொல்லாத தஸ்னீமு, இன்னொண்ணு எடுத்துக்க. மாடிக்குக் குடி வந்து ஒரு வாரங்கூட ஆவல, அதுக்குள்ள இப்பிடி மாட்டிக்கினோமேன்னு பாக்கற. நான் மட்டும் ஆசப்பட்டா துன்னுகினு கீறேன்? காலைல நாஸ்டாவுக்கு இது, சாயங்காலம் காப்பிக்கு இது. நாக்கப் பாரு... ஆ... பாசி புடிச்ச தொட்டி மாதிரி கீதா? கொடத்த ஓரமா வெச்சிட்டு இப்பிடி குந்து. பம்பு எங்கியும் ஓடிப்போவாது.

எல்லாம் என் மருமவ யசோதரா பண்ற வேல. நல்ல பொண்ணுதான், நான் இல்லேங்கல. வாய் கொஞ்சம் ஜாஸ்தி... இன்னா சிரிக்கிற? எனுக்கா? எனுக்கு எங்க கீது வாயி! எக்ஸ்போர்ட் கம்பெனில தெச்சிகினு இருந்தா, கம்பெனிய மூடிட்டானுங்க. வூட்ல சும்மா குந்தினு கீறமேன்னு அவளுக்கு ஒரே வெசனம். அந்த நேரம் பாத்து அவ அண்ணன், கப்பல்ல வேல, ஜப்பான்லேர்ந்து ஒரு டப்பா கொணாந்தான். தொறந்தா பச்சையா தூளு. நான் மருதாணின்னு தலைக்கு கொழைக்கப் போய்ட்டேன். டீத்தூளாம். பச்சை டீயாம்.

அத்தப் போட்டு மாவு பெசைஞ்சி, ஈஸ்ட்டு போட்டு மூடி வெச்சி, நடுவுல ஓட்ட போட்டு, எண்ணெயில்லாம ஓவன்ல சுடறா. ஓவனு என் புள்ள செங்குட்டுவன் வாங்கிக் குடுத்தது. எனுக்கு ஒரு மிக்சி கேட்டா மட்டும் அவனுக்குக் காது கேக்காது... சரி, அத்த வுடு. மொத தபா சுட்டப்ப, எதிர்வூட்டு மண்ணாங்கட்டி கீரை வடன்னு நெனச்சி சாம்பார் கேட்டான். ஆனா சர்ச்சாண்ட பேக்கரி வெச்சிகீறாரே கஸ்பாரு, அவரு கண்ண மூடிகினு துன்னாரு. தெனிக்கும் என் கடைக்குப் போடும்மான்னுட்டாரு. அன்னிக்கு அவ மூஞ்சிய நீ பாத்துருக்கணும். கம்பெனி மூடுனதுலேர்ந்து அவ அப்பிடி சிரிச்சி நான் பாக்கவே இல்ல.

அப்பால புடிச்சது பேஜாரு. மறுதபா சுட்டு எடுத்துனு போனா, அவரு ஒரு கடி கடிச்சிட்டு, அந்த ஜப்பான் வாசன எங்கம்மா போச்சுன்றாரு. சக்கரய கொறச்சி பாத்தா, பால மாத்தி பாத்தா... ஊஹூம். அதே மாவு, அதே தூளு, அதே கையி. நேத்து கொழாய தொறந்து வுட்டுகினு பாத்ரூம்ல அழுவறா, எனுக்குக் கேக்காதுன்னு. டப்பாவுல தூளு இன்னும் ஒரு தபாவுக்குத்தான் கீது. தோ, உள்ள பெசைஞ்சிகினு கீறா. சாயங்காலம் கஸ்பாரு வராரு. இதுவும் சரிப்படலன்னா ஆர்டரு இல்லன்னு சொல்லிட்டாரு.

கிட்ட வா. யாராண்டயும் சொல்லாத. மொத தபா அவ மாவ மூடி வெச்சிட்டு குளிக்கப் போனா. நான் ஒரு துளி வாயில வெச்சி பாத்தேன். ஐய, ஒரே கசப்பு! டீன்னா இஞ்சி தட்டிப் போட வேணாவா? ஏலக்கா வேணாவா? பாவம், மறந்துட்டா போலன்னு இஞ்சி சாறு புழிஞ்சி, ஏலக்காய நுணுக்கிப் போட்டு பெசைஞ்சி மூடி வெச்சிட்டேன். நல்லதுக்குத்தான பண்ணேன்? அவளுக்கு அன்னிக்கு ஜலதோஷம், மூக்கு அடைச்சிகினு ஒண்ணும் தெர்ல.

சொல்லிட வேண்டியதுதானன்னு பாக்கற. எங்க சொல்றது? மூடுன தட்டு தலைகீழா கீதே, மாவ தொட்டீங்களா அத்தேன்னு அப்பவே கேட்டா. இந்த கன்னியம்மா சும்மா இருந்தாளா? அங்காளம்மா மேல சத்தியம், நான் அந்தப் பக்கமே போவலன்னு கற்பூரத்த அணைச்சிட்டேன். இனிமே எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்லுவேன்?

அதான் உன்ன குந்த வெச்சிகீறேன். முந்தானில இஞ்சி ஏலக்கா முடிஞ்சி வெச்சிகீறேன் பாரு. நீ உள்ள போயி, உன் வூட்ல இன்னாவோ காட்டறேன்னு அவள மாடிக்கு இட்டுனு போ. மீதிய நான் பாத்துக்கறேன். போ கண்ணு.

...

இன்னா உள்ள குசுகுசுன்னு? தஸ்னீமு... அவள மாடிக்கு இட்டுனு போன்னா அங்க இன்னா பேச்சு? ஐய, யசோதரா, மாவு கையோட எதுக்கும்மா வெளிய வந்த? இஞ்சியா? எந்த இஞ்சி? நான் இன்னாத்த கண்டேன்... தே தஸ்னீமு, எங்க நைசா மாடி ஏறுற? உன் கொடம் இங்க கீது!

...யசோதரா, திட்றதுன்னா திட்டிடு. ஏன் அழுவற? ...இன்னாது, எவ்ளோவா? கட்டவெரலு அளவு இஞ்சி, மூணே மூணு ஏலக்கா. தள்ளு, தள்ளு, நானே வரேன். நீ போட்டா அந்த ஜப்பான் வாசன வராது.