சாவு விழாத கட்டடம்

— கட்டடத்தப் பத்தி நான் கேக்கலண்ணே. எம்புருஷன் எங்கன? அதுக்கு மட்டும் பதில் சொல்லு.

— அதான் சொல்றேன்ல ஆத்தா. கூத்தையா மாப்பிள்ள தூத்துக்குடி போயிருக்காப்ல, உப்பளத்து வேலைக்கு. கூடப்பொறந்த அண்ணன் சொன்னா நம்ப மாட்டியா? வெயில் ஏறுது, திருவாடானை பஸ்ஸப் பிடி.

— எங்கிட்டச் சொல்லாமப் போவாகளா? ஆடு குட்டி போட்டுச்சான்னு ஆள் விட்டுக் கேட்ட மனுசன். சோணைமுத்து மேஸ்திரி தங்கச்சின்னு சொன்னதும் இங்க இருக்க சித்தாளுக பூராம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளுக. ஏன்?

— அவளுகளுக்கு வேல கிடக்கு. நீ நிமிந்து பாரு சேது, ராமநாதபுரத்துல இதுமாதிரி உண்டா? தனுஷ்கோடிய புயல் கொண்டுக்கிட்டுப் போனப்புறம் அங்கன இருந்த யாவாரியெல்லாம் இங்கனதான் வாரான். கீழ கட. நடு மாடியில பாங்கு, இன்சூரன்சு ஆபீசு. மேல குடும்பம் குடியிருக்க வீடு. குழாயத் திருகினாத் தண்ணி.

— ஒருத்தி தலைக்கு மேல ஒருத்தி அடுப்புப் பத்த வைக்கிறதா? மேல இருக்கவ கால் கழுவுனா கீழ இருக்கவ எங்க ஓடுவா?

— சிரி, சிரி. பாங்குக்காரக இப்ப பாக்க வாராக. பிடிச்சுப்போனா இன்னைக்கே கையெழுத்து. பாங்கு வந்தா மத்த ஆபீசெல்லாம் தானா வரும். நெய்னா முகம்மது மொதலாளி தோணி, சரக்கு வைக்கிற கிட்டங்கி எல்லாத்தையும் புயல்ல விட்டவரு. மிச்சத்தப் பூராம் இதுல கொட்டிட்டாரு. இது நின்னுட்டா அடுத்த கட்டடமும் எனக்குத்தான்னு வாக்குக் குடுத்திருக்காரு. இந்த நேரத்துல வாசல்ல நின்னு அழுதுக்கிட்டு... போத்தா.

— நான் எங்க அழுதேன்? அழுகுற மாதிரி ஏதும் நடந்திருக்கா?

— வாயப் பிடுங்காத.

— அந்தா, மேல தொங்குதே. அது என்ன?

— திருஷ்டி பொம்ம. ஊருக் கண்ணு படக்கூடாதுன்னு எல்லாக் கட்டடத்துலயும் கட்டுறதுதான. வெறும் வைக்கோலு.

— வைக்கோலு தெரியுது. சட்டை யாரது?

— கொட்டகையில கிடந்த பழசு. பயலுக எடுத்து மாட்டி விட்டானுக.

— கை ரெண்டையும் விரிச்சு வச்சிருக்கீகல்ல, கக்கத்துல சிவப்பா ஒட்டு தெரியுது பாரு. அது என் ரவிக்கத் துணி. நான் தைச்சது. அவுகளுக்கு இருந்த சட்டை அது ஒண்ணுதான். தூத்துக்குடிக்கு வெறும் மேலோடயா போனாக?

— சேது...

— சொல்லுண்ணே.

— சத்தம் போடாத. இங்கிட்டு வா, சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம். சாரக்கயிறு அத்துப்போச்சு ஆத்தா. மேல் மாடிச் சுவரு பூசிக்கிட்டு இருந்தாப்ல. வேர்த்து ஊத்துதுன்னு சட்டையக் கழட்டி வச்சிட்டுத்தான் ஏறுனாப்ல. மாட்டு வண்டியில தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள...

— எப்ப?

— போன அமாவாசைக்கு மறுநா.

— எங்கன வச்சிருக்கீக?

— எரிச்சாச்சு. அன்னைக்கே. வேற பேரச் சொல்லி.

— கொள்ளி வச்சது யாரு?

— நான்தான்.

— பெத்த மகன் அங்க மாடு மேய்ச்சுக்கிட்டு நிக்கிறான். நீ வச்சியா?

— என்ன செய்யச் சொல்ற? சாவு விழுந்த கட்டடம்னு பேரு வந்துட்டா பாங்கு வருமா? எவன் பிள்ளகுட்டியோட மேல வந்து பால் காய்ச்சுவான்? மொதலாளி என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. இத நம்பி எத்தன பேரு கஞ்சி குடிக்கிறோம்.

— அவுகளும் அந்தக் கஞ்சியக் குடிச்சவுகதான்.

— உன்னயத் தெருவுல விட்ருவேனா? மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம்பு இருக்கு. நீயும் மருமகனும் அங்கன இருந்துக்கிருங்க. கூட்டிப் பெருக்குற வேல, மாசச் சம்பளம். மொதலாளிகிட்டப் பேசிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான்...

— என்ன?

— தாலி, பொட்டு, இந்தக் கலர்ச் சேல எல்லாம் இப்படியே இருக்கட்டும். யாராச்சும் கேட்டா, புருஷன் கொழும்புல இருக்காருன்னு சொல்லிரு. எல்லா வீட்டுக்கும் ஆள் வர்ற வரைக்கும்தான்.

— செத்தவருக்கு நான் தினம் பொட்டு வச்சுக்கிட்டு நிக்கணும். வீடு வாடகைக்குப் போறதுக்காக.

— உன் நல்லதுக்கும்தான். ஊர்ல போயி மூலையில உக்காந்து என்னத்தக் காணப் போற? அந்தா, காரு வந்துருச்சு. பாங்குக்காரகதான். கண்ணத் தொடச்சுக்க. உள்ள போ, ஆத்தா. உன் காலப் பிடிக்கிறேன்.

— காலெல்லாம் பிடிக்காத. எதுத்தாப்ல இருக்கது துணிக்கடதான?

— ஆமா. எதுக்கு?

— எனக்குக் கூடப்பொறந்தவன் நீ ஒருத்தன்தான். தாலி அறுக்குறவளுக்குப் பொறந்த வீட்டுக் கோடித்துணிய நீதான் போடணும். ஒரு வெள்ளச் சேல எடுத்துட்டு வா. அவுக கண்ணு முன்னால, இந்த வாசல்லயே வச்சு எம்மேல போடு.