கெர்னலுக்குப் போகாத பாக்கெட்டுகள்

எனக்கு வரிசையில் நிற்பது பிடிக்காது. முன்னால் நிற்பவர் பைக்குள் கையை விட்டு ஏதோ காகிதத்தைத் துழாவினாலே எரிச்சல் வந்துவிடும். இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். இந்தக் குணத்துக்காகத்தான் மருத்துவமனையில் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

அங்கே நெட்வொர்க் என் பொறுப்பு. ஒவ்வொரு கட்டிலருகிலும் உள்ள மானிட்டர், நோயாளியின் நாடித்துடிப்பைச் சின்னச் சின்னத் தகவல் பாக்கெட்டுகளாக நர்ஸ் மேசைக்கு அனுப்பும். நடுவில் என் சர்வர். அதன் இயங்குதளத்தின் உள்ளே கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. எந்தப் பாக்கெட் வந்தாலும் அது வாங்கி, புரட்டிப் பார்த்து, விசாரித்துத்தான் அனுப்பும். அந்த நிதானம் எனக்கு ஒத்துவரவில்லை. நெட்வொர்க் கார்டிலிருந்து பாக்கெட்டுகளை நேராக அள்ளும் புரோகிராம் ஒன்றை எழுதி, கெர்னலை ஓரமாக உட்கார வைத்தேன். பத்து மடங்கு வேகம். ஆனால் என் புரோகிராமுக்குப் பழகிய வடிவங்கள் மட்டும்தான் தெரியும். புரியாதது வந்தால் கெர்னலிடம் ஒப்படைக்க ஒரு பக்கவழி வைத்திருந்தேன்.

அந்தப் பக்கவழிதான் வேகத்தைக் கெடுத்தது. இயக்குநர் பார்க்க வந்த காலையில், திரையில் வேகத்தைக் காட்டும் கோடு நடுநடுவே குதித்தது. மானம் போய்விடும் என்று பயந்தேன். 'கெர்னலிடம் கொடு' என்றிருந்த வரியை 'தூக்கி எறிந்துவிடு' என்று மாற்றினேன். கோடு நூல் பிடித்தாற்போல் ஓடியது. இயக்குநர் கை கொடுத்தார்.

நாலாவது வார்டில் ஆறு பழைய மானிட்டர்கள் உண்டு. அவற்றின் அபாய அறிவிப்பு ஒரு பாக்கெட்டில் அடங்காது, இரண்டு துண்டாக வரும். துண்டுகளை ஒட்டத் தெரிந்தது கெர்னலுக்கு மட்டும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத வேண்டாம்.

எட்டாம் நாள் மதியம் அந்த வார்டில் ஒரு பள்ளி வாத்தியார் இறந்தார். கட்டிலருகே சத்தம் கூடாது, நர்ஸ் மேசையில் மட்டும் அலாரம் அடிக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. மேசையில் அடிக்கவில்லை. அன்று அங்கே வேலையில் இருந்த நர்ஸ் என் அக்கா.

விசாரணை தொடங்குவதற்குள் அந்த மானிட்டரைத் துடைத்து, அடுத்த நோயாளிக்கு மாற்றி அமைத்துவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது என் சர்வரில் உள்ள அறிவிப்புப் பதிவு மட்டும். கெர்னலுக்கு வந்ததைத்தான் அது குறித்து வைக்கும். திறந்து காட்டினேன். காலியாக இருந்தது.

"அப்போ மானிட்டர்லயே யாரோ அலாரத்தை அணைச்சிருக்காங்க" என்றார் இயக்குநர்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் தொடவே இல்லடா. நல்லா பாரு தம்பி."

"பாத்துட்டேன்க்கா. எதுவும் வரல."

கெர்னலுக்கு வரவில்லை என்ற அர்த்தத்தில் சொன்னேன். அதில் பொய் இல்லை.

அக்காவுக்கு வேலை போன பிறகு அவளை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு நாள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "நான்தான் ஏதோ ஞாபகத்துல அணைச்சிருப்பேன் போலடா" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "விடுக்கா, யாராவது வேணும்னு செய்வாங்களா" என்று தேற்றினேன். எல்லாத் தம்பிகளும் இப்படி இருந்துவிட மாட்டார்கள்.

நேற்று அவள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, தான்தான் அணைத்ததாகக் கையெழுத்துப் போட்டாளாம். அதனால்தான் வந்தேன். செய்யாத தப்புக்கு அவள் ஜெயிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் கல்நெஞ்சன் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்: பக்கவழியை மூடியது நான். வாத்தியாரைச் சாகவிட்டது நான். அக்கா தலையில் பழியைப் போட்டதும் நான்.

கேட்கிறீர்களே என்று சொல்கிறேன், அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நாலாவது வார்டில் இன்று அந்த ஆறு கட்டில்களும் நிரம்பியிருக்கின்றன. மாற்ற இரண்டு நிமிடம் போதும். ஆனால் மதியம் வெளியிலிருந்து சிலர் சர்வரைப் பார்க்க வருகிறார்கள், கோடு குதித்தால் நன்றாக இருக்காது. அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், நானே மாற்றிவிடுகிறேன்.