பிள்ளை பிறக்கும் அறைக்கு வராத வெயில்

தலைமை தாங்கும் மகப்பேறு மனைத் தலைவர் ஒலாடிபோ அவர்களே, இஜெபு நகரின் பெருமக்களே, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! நம் மகப்பேறு மனையில் ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. கூரையில் விழுந்த வெயிலைப் பிள்ளை பிறக்கும் அறைக்குத் தராமல், தலைவர் அறையின் ஏசிக்குத் தந்துவிட்டோம்.

"பாபா, ஆண்டு விழாவுல இதையா பேசுவாங்க?"

வேறு எங்கே பேசுவது தம்பி? உட்கார்.

கூரையில் சூரிய மின்தகடு வைத்தோம், பேட்டரி வைத்தோம், தெரு மின்சாரத்தோடு இணைத்தோம். தெருவில் மின்சாரம் போனால் பேட்டரி தாங்கும். ஆனால் எல்லா அறைகளையும் தாங்காது. தாங்கும் அறைகளைத் தேர்ந்தெடுத்தது யார்? நாம்! கூடம் மின்ன வேண்டும், வந்தவர் வியக்க வேண்டும் என்றல்லவா தேர்ந்தெடுத்தோம்!

சென்ற மாதம் என் பேத்தி அடுனோலாவுக்குக் குறைமாதத்தில் பிள்ளை. நட்டநடுப் பகலில் தெரு மின்சாரம் போனது; ஜெனரேட்டரிலோ டீசல் இல்லை. உச்சியில் சூரியன், உள்ளே இருட்டு. பிள்ளையைக் கிடத்திய கதகதப்புப் பெட்டி அணைந்தது. மருத்துவச்சி இயாபோ பிள்ளையை வாரி எடுத்தாள்.

"ரவிக்கையத் திற தாயி. இனி நீதான் பெட்டி."

"பயமா இருக்குக்கா."

"பயந்தா நெஞ்சு இன்னும் சூடாகும். நல்லதுதான், பயப்படு!"

நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்தது. கோழிக்குஞ்சு போல ஓர் உயிர் அங்கே ஒட்டிக்கொண்டது. வெகுநேரம் கழித்து மின்சாரம் வந்தது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் கத்துவோமே, அப்படி அந்த அறையே கத்தியது: "வந்திருச்சு!"

கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா?

"கரண்டு எப்போ போச்சு?"

சிரிக்காதீர்கள். எனக்கு அழுகை வந்தது.

பிள்ளை பிழைத்தது. அதோ, அம்மா முதுகில் உறங்குகிறது. மெல்லக் கைதட்டுங்கள். அடுத்த பிள்ளைக்கும் அந்தப் பேறு வேண்டாமா?

ஆகவே கேளுங்கள். மின்பணியாளர் கெஹிண்டே, பிரசவ அறையையும் தடுப்பூசிக் குளிர்பெட்டியையும் நாளையே பேட்டரி இணைப்புக்கு மாற்ற வேண்டும். தலைவர் தம் ஏசியைத் தெரு மின்சாரத்துக்குத் திருப்பிவிட்டு, நம்மைப் போல வியர்க்க வேண்டும். இளைஞர் சங்கம் தகடுகளில் படியும் பாலைவனத் தூசியைத் துடைக்க வேண்டும். மாதர் சங்கம் ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை முடியும்வரை நான் அந்த அறை வாசலை விட்டு எழ மாட்டேன்.

பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. இனி அந்த அறையில் ஒரே சத்தம்தான் கேட்க வேண்டும்: பிறந்த பிள்ளையின் அழுகை. அதற்கு என் வணக்கம்.