பௌர்ணமி உபயம்

இந்த டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, அம்மா. குறையாகச் சொல்லவில்லை. சர்க்கரை இல்லாமல் குடித்துப் பழகிய நாக்கு, உடனே கண்டுபிடித்துவிடுகிறது. நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இருக்காது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் மென்று முழுங்குகிறவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும்.

என் பெயர் அருணகிரி. வேங்கிக்காலில் புதிதாக வந்த நகர்களில் ஒன்றில் எங்கள் வீடு. நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வாசல் கேமரா, தண்ணீர் மோட்டார், சங்க அறைச் சாவி எல்லாம் என் பொறுப்பு. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், யார் வீட்டு வாசலிலாவது நாய் குட்டி போட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலை பக்கம், கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறோம். ஒவ்வொரு பௌர்ணமியும் ஒரு குடும்பத்தின் உபயம். உபயதாரர் படத்தோடு ஒரு ஃப்ளெக்ஸ் வைப்போம். முறைப்படி அனுமதி வாங்கித்தான் வைப்போம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓவியாவும் வளவனும் எங்கள் எதிர்வீட்டுக்குக் குடி வந்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பால் காய்ச்சிய அன்று நானும் என் மனைவி தமிழ்செல்வியும் போயிருந்தோம். ஹாலில் நீலக் கோட்டு போட்டவர் படம் மாட்டியிருந்தது. வளவன் யார் என்பது அதிலேயே விளங்கிவிட்டது. அந்தப் பெண் பேச்சோடு பேச்சாகத் தன் குலசாமி பெயரைச் சொன்னாள். அவள் நம்ம ஆளுங்க என்பதும் விளங்கிவிட்டது. நான் முகம் சுளிக்கவில்லை. சங்கத்தின் பொருளாளர் கோதண்டராமன் டம்ளரை உதட்டருகே கொண்டுபோய்விட்டு அப்படியே கீழே வைத்தான். நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சங்க அறையில் நாலு குடும்பம் உட்கார்ந்து டீ குடித்தபடி பேசிக்கொண்டிருப்போம். அப்படி ஒரு நாள் ஓவியாவும் வந்திருந்தாள். புதுசாக வந்த பிள்ளை, சந்தோஷமாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன். "உன் வீட்டுக்காரர் எவ்ளோ நீட்டா பழகறாரும்மா. டிரெஸ்ஸாவட்டும், பேச்சாவட்டும்... பாத்தா சொல்லவே முடியாது" என்றேன். பாராட்டுதான். அதில் வேறு எதுவும் இல்லை.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எதைங்க சார் சொல்ல முடியாது?"

"சும்மா பொதுவா சொன்னேம்மா."

"இல்ல சார், என்னமோ சொல்ல வந்தீங்க. பாதியில நிறுத்தாதீங்க. அவரப் பாத்தா எதைச் சொல்ல முடியாது?"

கோதண்டராமன் தன் டீக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். அவளே சிரித்தபடி சொன்னாள். "உங்களக்கூடப் பாத்தா சொல்ல முடியாது சார். இவ்ளோ மரியாதையா பேசறீங்க. உள்ள இது இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வயசுப் பிள்ளை, ஏதோ துடுக்கு, போகட்டும் என்று நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பக்கத்தில் இருந்த என் தமிழ்செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் முன்னால் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதை நான் அன்றே மறந்துவிட்டேன்.

அப்புறம் கேமரா விஷயம் வந்தது. நகர்களின் வாசல் கேமராக்களை போலீஸ் கட்டுப்பாட்டு அறையோடு இணைக்கலாம், முகத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடும், சங்கம் சம்மதித்தால் போதும் என்று ஒரு யோசனை. கூட்டம் போட்டேன். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். ஓவியா மட்டும் எழுந்து நின்றாள்.

"நான் எப்பப் போறேன், எப்ப வரேன்னு எவனோ ஒருத்தன் உக்காந்து பாக்கறதுக்கு நான் என்னா சார் தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணாதவங்க என்னாத்துக்கும்மா பயப்படணும்?" என்றான் கோதண்டராமன்.

"பாக்கறவரு யாருன்னு தெரியாதே சார். அவரும் ஏதோ ஒரு ஊர்க்காரருதான், அவருக்கும் மாமன் மச்சான் இருப்பாங்க. ஒரு போட்டோவ ஒரு குரூப்ல போட்டா முடிஞ்சிது. அப்புறம் எந்த அரசாங்கம் வந்து அதைத் திருப்பி வாங்கும்?"

"அப்ப போலீஸே வேணாங்கறியா?"

"குத்தம் நடந்தா வரட்டும் சார், வேணாம்னு சொல்லல. குத்தமே பண்ணாத என் மூஞ்சிய எதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சிக்கணும்?"

தூக்கிய கைகளில் பாதி இறங்கிவிட்டன. தீர்மானம் தள்ளிப்போனது. நான் செயலாளரான பிறகு ஒரு தீர்மானம் தள்ளிப்போனது அதுதான் முதல் தடவை. கேமரா பழையபடி என் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து, "இவ்ளோ பயப்படறான்னா எதையோ ஒளிக்கறா" என்றேன். தமிழ்செல்விக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வாயை அடைப்பதாக நினைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஓவியாவின் அப்பா யார், ஊர் எது என்றெல்லாம். அண்ணன் மூர்த்தி, வளவனோடு அவளை எங்கே கண்டாலும் வெட்டிப் போடுவேன் என்று ஊர் நடுவில் நின்று சொல்லியிருக்கிறான். தலை தீபாவளிக்குக்கூட அவர்கள் எங்கேயும் போகாததற்கு அதுதான் காரணம். "அந்த அண்ணங்காரன் பௌர்ணமி தவறாம கிரிவலம் வருவானாம். அதனாலதான் பௌர்ணமி அன்னிக்கு அந்தப் பொண்ணு வாசப்படி தாண்டறதில்ல. பாவங்க அது. என்னை நம்பிச் சொல்லிச்சி." ஜன்னல் வழியாக மலையைக் காட்டிச் சத்தியம் கேட்டாள். வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மலையைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். இன்றுவரை அதை மீறவில்லை, அம்மா. நான் சாமிக்குப் பயந்தவன்.

அடுத்த வாரமே வளவனைக் கூப்பிட்டு, "வர்ற பௌர்ணமி உங்க உபயம், தம்பி. பந்தல்ல நின்னு நீங்கதான் உங்க கையால பரிமாறணும்" என்றேன்.

"நானா சார்? பரிமாறலாங்களா?" என்று கேட்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. எங்கள் பந்தலில் அவர்கள் ஆள் ஒருவர் கரண்டி பிடித்ததே இல்லை. அந்த வழக்கத்தை உடைத்தவன் நான். கோதண்டராமன் காய்ச்சல் என்று சொல்லி அன்றைக்கு வரவேயில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

ஓவியா ஓடி வந்தாள். "சார், ஃப்ளெக்ஸ்ல எங்க பேரும் வேணாம், போட்டோவும் வேணாம். நகர் சார்பாகன்னு போட்டுடுங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு ஜாஸ்தி பேசிட்டேன் சார், மனசுல வெச்சிக்காதீங்க. அவரு ரொம்ப சந்தோஷமா இருக்காரு" என்றாள். சரிம்மா என்றேன்.

ஒரு மத்தியானம் தமிழ்செல்வி கண் அயர்ந்திருந்தபோது அவள் போனிலிருந்து அவர்கள் கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டேன். மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் நன்றாகவே இருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில் ஓவியா, அப்பா பெயர், ஊர். பக்கத்தில் வளவன். கடைசி வரியில் எங்கள் நகரும் வீட்டு எண்ணும். ஃப்ளெக்ஸைப் பந்தலுக்குக் கொஞ்சம் முன்னால், பாதை திரும்புகிற இடத்தில் கட்டச் சொன்னேன். நடந்து வருகிற கூட்டத்துக்கு முகம் தெரியும். பந்தலில் நிற்கிறவனுக்கு அதன் முதுகுதான் தெரியும். அரசாங்கம் எத்தனை கேமரா வைத்தாலும் பௌர்ணமிக் கூட்டத்துக்கு இருக்கிற கண் அதற்கு வராது.

சாயங்காலம் நல்ல கூட்டம். வளவன் வேர்க்க விறுவிறுக்கப் பரிமாறினான். பரிமாறுகிறவன் நீளுகிற கைகளைத்தான் பார்ப்பான், முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு நேரம் ஏது? ஒருவன் ஃப்ளெக்ஸ் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு வரிசையில் வந்து வளவன் கையாலேயே தொன்னையை வாங்கினான். சாம்பார் சாதம் அன்று வாசனையாக அமைந்திருந்தது. அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் வந்து, "இந்த ஃப்ளெக்ஸ்ல இருக்கறவங்க வீடு எங்கங்க?" என்று கேட்டான். மூக்கும் நெற்றியும் அப்படியே ஓவியா. நான் வாயைத் திறக்கவில்லை. கூடவே நடந்து போய்க் கடைசி வரியைக் கையால் காட்டினேன். கும்பிட்டுவிட்டுப் போனான். மரியாதை தெரிந்த பையன்.

ராத்திரியே ஃப்ளெக்ஸை நானே அவிழ்த்துச் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் காலையில் வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி வளவனை அடி அண்ணாமலைக்கு அனுப்பினேன். அந்தப் பையன் இன்று உயிரோடு இருக்கிறான் என்றால் அதற்கு நான்தான் காரணம். அவன் தரப்பில் இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன். தமிழ்செல்வி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூர்த்தியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். புருஷன் வந்துவிட்டான் என்று நினைத்து ஓவியா திறந்திருப்பாள் போல.

அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். "சார், அருணகிரி சார்" என்று இரண்டு தடவை. எதற்கானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? நான் தொட்டியில் தண்ணீர் நிரம்புகிற வரைக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை.

வாசல் கேமராவில் ஏன் ஒன்றுமே பதிவாகவில்லை என்று கேட்டீர்கள். பழுதெல்லாம் இல்லை. முந்தின நாள் ராத்திரி நான்தான் அணைத்தேன். தன் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஒருத்தரும் பார்க்கக் கூடாது என்று எழுந்து நின்று கேட்டவள் அவள். கூட்டத்தில் அவ்வளவு பேர் சாட்சி. கேட்டதைச் செய்து கொடுத்தேன். அன்று காலை அவளை யாரும் பார்க்கவில்லை.

ஆமாம், அம்மா. அண்ணன்காரன் வருவான் என்று தெரிந்துதான் படத்தைப் போட்டேன். வந்தால் என்ன செய்வான் என்றும் தெரியும். மூர்த்தி கையில் அரிவாள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாதி வெறியில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த மாதிரி ஆள் நான் இல்லை. அவர்கள் வீட்டுப் பாலைக் குடித்தவன் நான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? பேனா நன்றாக எழுதுகிறது. சட்டையில் கவிநிலா என்று பெயர் போட்டிருக்கிறீர்கள், அழகான பெயர். வந்ததிலிருந்து ஒரு கடுஞ்சொல் இல்லை, உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, எவ்வளவு பக்குவமாகக் கேட்கிறீர்கள். உங்களுக்கு எந்த ஊர், அம்மா? ஊரில் எந்தப் பக்கம்? தப்பாக நினைக்காதீர்கள், சும்மா தெரிந்துகொள்ளலாம் என்றுதான். பார்த்தால் சொல்லவே முடியவில்லை.